11 வயசுப் பொண்ணுக்கு ஸ்கின்கேர் எவ்வளவு வேணும்? சீரம் போட்டு கன்னமெல்லாம் சிவந்துபோச்சு

மழைச்சாரல்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 11 வயசுல ஒரு பொண்ணு, 8 வயசுல ஒரு பையன். பொண்ணு விஷயமாத்தான் இந்த இழை.

ரெண்டு மாசமா அவளுக்குக் கண்ணாடி முன்னாடியேதான் பொழுது போகுது. கூடப் படிக்கிற பிள்ளைங்க வீடியோ பாத்துட்டு ஆளுக்கொரு சீரம் வச்சிருக்காங்களாம். இவ பிறந்தநாளுக்கும் ஒரு தோழி ஒரு செட் குடுத்தா. கலர் கலரா குட்டிக் குட்டி பாட்டில், பாக்க விளையாட்டுச் சாமான் மாதிரியே இருந்துது. பிள்ளைங்க போடுற ஏதோ க்ரீம்னு நினைச்சு நான் பேசாம இருந்துட்டேன். திருப்பிக்கூடப் பாக்கல.

போன ஞாயித்துக்கிழமை காலைல எழுந்து வந்தா ரெண்டு கன்னமும் செக்கச்செவேல்னு இருக்கு. மூக்கோரம் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிஞ்சு நிக்குது. தண்ணி பட்டாலே எரியுதும்மான்னு அழறா. அப்பதான் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துல வச்சுப் படிச்சேன். ஒண்ணுல கிளைகாலிக் அமிலம், இன்னொண்ணுல ரெட்டினால். நாலு ராத்திரி ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு போட்டிருக்கா. திருட்டுத்தனமாவும் போடல. "ஸ்கின்கேர் பண்ணிட்டு வரேம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் போனா.

இப்ப என்ன செய்யணும்? இந்த வயசுக்கு உண்மையா எதெல்லாம் வேணும்? எல்லாத்தையும் பிடுங்கி வச்சா அவ முகம் சுருங்கிப்போயிடும், அதை நினைச்சாலும் கஷ்டமா இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

அந்திமாலை

தோழி, நான் தோல் மருத்துவப் பிரிவில் செவிலியர். முதலில் இதைப் பாருங்கள்: கண்ணைச் சுற்றி வீக்கம், நீர் கோத்த கொப்புளம், சீழ், காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

அதெல்லாம் இல்லை, சிவப்பும் எரிச்சலும் உரிதலும் மட்டும்தான் என்றால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அந்த செட் மட்டும் இல்லை, ஃபேஸ்வாஷ், சோப்பு, டோனர், ஈரத் துடைப்பான் எல்லாமே. சில நாளைக்கு முகத்துக்கு வெறும் தண்ணீர்தான், அதுவும் சூடு இல்லாமல். துண்டால் தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுத்தால் போதும். ஈரம் முழுசாகக் காய்வதற்குள் வாசனை சேர்க்காத சாதாரண க்ரீமோ வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிசாகத் தடவுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தடவலாம். ரொம்ப எரிந்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியைப் பத்து நிமிஷம் முகத்தில் போட்டு வையுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள்.

வெயிலில் அனுப்பாதீர்கள். கிளைகாலிக் போட்ட தோல் வெயிலில் சீக்கிரம் கருகும். போடுவதை நிறுத்தி ஒரு வாரம் வரைக்கும் அந்த பலவீனம் இருக்கும். புண்ணான தோலில் சன்ஸ்கிரீனும் எரியும், அதனால் இப்போதைக்குத் தொப்பி, நிழல்.

இன்னொன்று, வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த அரிப்பு க்ரீம் அலமாரியில் கிடக்கும். அதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், பிள்ளை முகத்துக்கு அது ஆகாது.

சிவப்பு ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் தோல் பழைய பலத்துக்கு வர இரண்டு வாரம், சிலருக்கு நான்கு வாரம்கூட ஆகும். நடுவில் "சரியாயிடுச்சே" என்று எதையும் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம்.

மழைச்சாரல்

ரொம்ப நன்றிக்கா. கண்ணுகிட்ட வீக்கம் இல்ல, காய்ச்சலும் இல்ல. இப்பதான் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிட்டேன், தடவும்போது எரியலன்னு சொன்னா. மனசு கொஞ்சம் லேசாச்சு.

ஒரு சந்தேகம். அவ தோழி "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்"னு சொன்னாளாம். அதனாலதான் நாலு நாளும் பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கா. இது உண்மையா?

அந்திமாலை

இல்லவே இல்லை. எரிகிறது என்றால் தோல் "வேண்டாம்" என்கிறது, அவ்வளவுதான். உங்கள் மகள் மனதில் இது ஒன்று மட்டும் பதிந்தால்கூடப் பெரிய விஷயம்.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செல்கள்தான் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் சேர்ந்த பசைதான் நடுவில் இருக்கும் சாந்து. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும் வெளியே இருக்கும் கிருமியும் தூசியும் உள்ளே வராமலும் காப்பது அந்தச் சாந்து. கிளைகாலிக் அமிலம் மேல் செங்கற்களின் பிடியைத் தளர்த்திவிடும். ரெட்டினால் செல்கள் புதுசாகி மேலே வரும் வேகத்தைக் கூட்டும். வயதாக ஆக அந்த வேகம் குறைவதால் பெரியவர்களுக்கு அதில் பலன் உண்டு. 11 வயதுத் தோல் தன் போக்கிலேயே வேகமாகத்தான் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்துத் தள்ளினால் சுவர்தான் இடியும்.

ஓடும்நதி

நான் ஒரு அப்பா. எனக்கு இந்த ஸ்கின்கேர் என்ற பேச்சே பிள்ளைகளிடம் வரக்கூடாது என்று தோன்றுகிறது. நாமெல்லாம் தண்ணீரில் முகம் கழுவித்தான் வளர்ந்தோம். பிள்ளை முகத்துக்குத் தண்ணீர் போதும். எதற்கு அந்த வயதிலேயே முகத்தைப் பற்றிய கவலையை ஊட்ட வேண்டும்? தோழி தவறாக நினைக்க வேண்டாம், என் மகளுக்கும் 10 வயது, அந்த பயத்தில்தான் எழுதுகிறேன்.

கற்பூரவல்லி

ஓடும்நதி அண்ணா, உங்க பயம் புரியுது. முகத்தைப் பத்தின கவலை வேண்டாங்கறதுல நானும் உங்க பக்கம்தான். ஆனா "தண்ணி மட்டும் போதும்"ங்கறது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது.

என் பையனுக்குச் சின்னதுலேர்ந்தே எக்ஸிமா. முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், கழுத்து எல்லாம் வறண்டு வெடிச்சுப்போகும். ராத்திரி தூக்கத்துல சொறிஞ்சு காலைல போர்வையில ரத்தப் பொட்டு இருக்கும். அவனுக்கு மாய்ஸ்சரைசர்ங்கறது அழகுக்கு இல்ல, அவன் தூங்கறதுக்கு. குளிச்சு வந்து ஈரம் காயறதுக்குள்ள உடம்பு பூரா க்ரீம். ஒருநாள் விட்டாலும் மறுநாளே தெரியும். இப்ப 12 வயசு, அவனே போட்டுக்கறான். பல்லு தேய்க்கற மாதிரி அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். அதைப் பத்தி எங்க வீட்டுல யாரும் பெருசாப் பேசறதில்ல.

கவலையை ஊட்டறது க்ரீம் இல்லண்ணா. "உன் முகத்துல ஏதோ குறை இருக்கு, சரி பண்ணணும்"னு சொல்ற பேச்சுதான் ஊட்டுது.

அந்திமாலை

கற்பூரவல்லி சொன்ன கடைசி வரியை அப்படியே வழிமொழிகிறேன்.

ஓடும்நதி, 8 வயதுப் பிள்ளைக்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் 6 முதல் 8 வயதுக்குள் அட்ரினல் சுரப்பி மெல்ல வேலையைத் தொடங்கிவிடும். பருவம் வருவதற்குச் சில வருஷம் முன்பே இது நடக்கும். அதன் பிறகு எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாகும், வியர்வை வாடை மாறும், தலை சீக்கிரம் பிசுபிசுக்கும். நெற்றியிலும் மூக்கிலும் தாடையிலும் கறுப்பு வெள்ளைப் பொட்டுகள் வரும். 7 வயதுக்கு மேல் இது இயல்பு. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எண்ணெய் தண்ணீரில் போகாது. அந்தக் கட்டத்தில் மென்மையான ஃபேஸ்வாஷ் ஒன்று தேவைப்படும். ராத்திரி ஒரு தடவை, விளையாடி வியர்த்து வந்தால் இன்னொரு தடவை. காலையில் தண்ணீரே போதும்.

சோப்புக் கட்டி வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தோலின் மேற்பரப்பு பிஎச் அளவில் 5ஐ ஒட்டி, லேசான அமிலத்தன்மையோடு இருக்கும். சாதாரண சோப்புக் கட்டி 9, 10 என்று காரத்தில் நிற்கும். கழுவிய பிறகு தோல் "கீச்" என்று இழுத்துப் பிடித்தால் சுத்தமானதாக நினைக்கிறோம். அது நல்ல எண்ணெயும் சேர்ந்து போனதன் அடையாளம்.

ஆக, மழைச்சாரலின் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், பகலில் வெளியே போகும்போது சன்ஸ்கிரீன். மூன்றில் எதை விட்டாலும் சன்ஸ்கிரீனை விடாதீர்கள். மாய்ஸ்சரைசர்கூட தோல் வறளாத பிள்ளைக்குக் கட்டாயம் இல்லை. டோனர், சீரம், ஷீட் மாஸ்க், கண்ணுக்கடியில் போடும் க்ரீம், ஸ்க்ரப் எதுவும் வேண்டாம்.

ஓடும்நதி

விளக்கத்துக்கு நன்றி. என் மகளிடம் சில மாதமாக வியர்வை வாடையும் தலையில் பிசுபிசுப்பும் இருக்கிறது. சரியாகக் குளிப்பதில்லை என்று இரண்டு முறை கடிந்துகொண்டேன். அவள் மீது தவறில்லை என்று இப்போது புரிகிறது. இன்று மாலை அவளிடம் பேசுகிறேன்.

சிறுதுளி

நல்ல இழை. என் பையனுக்கு 12 வயசு, கால்பந்து ஆடறான். நெத்தி பூரா பொரிப்பொரியா குட்டிக் குட்டி மேடு. அழுக்குன்னு நினைச்சு குளிக்கற நாரால தேய்தேய்னு தேய்ச்சிருக்கான், இப்ப இன்னும் ஜாஸ்தி. யாரோ பற்பசை வைக்கச் சொன்னாங்கன்னு அதையும் வச்சிருக்கான், வச்ச இடம் கருத்துப்போச்சு. எலுமிச்சைச் சாறு போட்டா போகும்னு இன்னொருத்தர் சொல்றார். போடலாமா?

அந்திமாலை

எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் சாறு வழிந்த தடம் மாதிரியே கொப்பளித்துக் கருத்துவிடும். மாதக்கணக்கில் மறையாது. பற்பசை பல்லோடு நிற்கட்டும்.

பரு அழுக்கால் வருவது இல்லை. மயிர்க்காலுக்குள் எண்ணெயும் இறந்த செல்லும் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து தேய்த்தால் அடைப்பு போகாது, வீக்கம்தான் கூடும். நெற்றியில் மட்டும் வருகிறது என்றால் இதைக் கவனியுங்கள்: தலைக்குப் போடும் எண்ணெயோ ஜெல்லோ நெற்றிக்கு வழிகிறதா? ஆட்டத்தின்போது நெற்றிப் பட்டை கட்டுகிறானா? தலையணை உறை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது? இவற்றைச் சரிசெய்து, மென்மையாகக் கழுவி ஆறு வாரம் பாருங்கள்.

அப்படியும் கூடிக்கொண்டே போனாலோ, வலிக்கிற கட்டி வந்தாலோ, தழும்பு விழுந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பருவுக்கு இந்த வயதிலும் மருந்து உண்டு. டாக்டர்கள் பெரும்பாலும் பென்சாயில் பெராக்சைடில் தொடங்குவார்கள். 2.5 சதவீதமே போதும், 10 சதவீதம் அதைவிட எரிச்சலைத்தான் கூடுதலாகத் தரும். அது துண்டையும் தலையணை உறையையும் வெளுக்க வைத்துவிடும், வெள்ளைத் துணியாக எடுத்து வையுங்கள். ரெட்டினாய்டு வகையையும் டாக்டர் எழுதலாம். ரெட்டினாலின் உறவுதான் அது, ஆனால் ஒரு நோய்க்கு, அளவு பார்த்து, கூப்பிட்டு விசாரித்துக் கொடுப்பது. பருவே இல்லாத கன்னத்தில் "சுருக்கம் வராமல் இருக்க" போடுவது வேறு.

இன்னொரு குறிப்பையும் சேர்க்கிறேன். ஒரு வயதுக்கு மேல் 7 வயதுக்குள் பரு வந்தால் அது வழக்கமானது இல்லை, காட்டியே ஆகவேண்டும். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளர ஆரம்பித்தாலும், ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன் பருவ மாற்றம் தெரிந்தாலும் அப்படித்தான்.

நிலாமுற்றம்

இதுவரை வாசிப்பவளாகத்தான் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 12 வயதிருக்கும்போது உறவில் ஒருவர் என் நிறத்தைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேசினார். பிறகு அவரே ஒரு க்ரீமும் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை டப்பா, மேலே பெயர் இல்லை, பொருள்களின் பட்டியல் இல்லை. ராத்திரி தடவு, பத்து நாளில் தெரியும் என்றார். பத்து நாளில் தெரியத்தான் செய்தது. முகம் வெளுத்தது. பள்ளியில் எல்லோரும் கேட்டார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆறு மாதத்தில் கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள் தெரிய ஆரம்பித்தன. மேல் உதட்டிலும் தாடையிலும் முடி. க்ரீமை ஒருநாள் நிறுத்தினால் முகம் தீப்பிடித்த மாதிரி எரியும், குருகுருவென்று பரு எழும்பும். பயந்து மறுபடி போடுவேன். அதிலிருந்து வெளியே வர இரண்டு வருஷம் ஆனது. ஸ்டீராய்டு கலந்த க்ரீம் என்று பிறகுதான் ஒரு டாக்டர் சொன்னார். நான் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

பிள்ளைகளுக்கான ஸ்கின்கேர் என்று பேசும்போது இதையும் பேசுங்கள். சீரம் வாங்கித் தருகிற தோழியைவிட, "வெளுக்கிற க்ரீம்" வாங்கித் தருகிற பெரியவர் ஆபத்தானவர்.

கற்பூரவல்லி

நிலாமுற்றம், இதை எழுதினதுக்கு நன்றி. படிச்சு முடிச்சு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். அந்த 12 வயசுப் பிள்ளைகிட்ட யாராவது "உன் நிறம் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லியிருக்கணும்.

அந்திமாலை

நிலாமுற்றம், உங்களைப் போல எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரியும்.

எல்லோரும் ஒரு நிமிஷம் வீட்டில் இருக்கும் டப்பாக்களைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாமல் முகத்துக்குப் போகக்கூடாது. ஏற்கனவே நீண்ட நாளாகப் போடுகிறீர்கள் என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள், நிறுத்தும் முறையை அவர் சொல்வார்.

அடுத்தது பாதரசம். சில வெளுக்கும் க்ரீம்களில் அது உண்டு. கலோமெல், மெர்குரஸ் குளோரைடு என்று எழுதியிருக்கலாம், எழுதாமலும் விடுவார்கள். "தங்கம், வெள்ளி நகை மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று குறிப்பு இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். போடுகிறவருக்கு மட்டுமில்லை, அதே துண்டில் துடைத்துக்கொள்கிற பிள்ளைக்கும் போகும். உலக நாடுகள் சேர்ந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தம், பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப்பொருளுக்கு 2020 வரை கெடு வைத்தது. பிறகு 2023ல் அந்த அளவையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுப்பொருளே கூடாது, 2025தான் கெடு என்று முடிவெடுத்தார்கள். அப்படியும் பெயரில்லாத டப்பாக்களில் இன்னும் வருகிறது.

பச்சைக்கிளி

நடுவுல கேக்கறேன், மன்னிக்கணும். என் 9 வயசுப் பையனுக்குக் கன்னத்துல வெளிறின திட்டு நாலஞ்சு இருக்கு. வயித்துல பூச்சின்னு ஒருத்தர், கால்சியம் குறைவுன்னு ஒருத்தர். பூச்சி மருந்தும் குடுத்தாச்சு, போகல.

அந்திமாலை

பூச்சியும் இல்லை, கால்சியமும் இல்லை. லேசாகச் சொரசொரப்பாக, ஓரம் மங்கலாக, வெயிலுக்குப் பிறகு இன்னும் எடுப்பாகத் தெரிகிறது என்றால் அது பெரும்பாலும் பிட்ரியாசிஸ் ஆல்பா. எக்ஸிமாவின் மிக லேசான வகை. சுற்றியிருக்கும் தோல் வெயிலில் கருக்க, திட்டு மட்டும் அப்படியே நிற்பதால் பளிச்சென்று தெரிகிறது. தினம் மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்கிரீன். தானாக மறையும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேலே. பால்வெள்ளையாக, ஓரம் கோடு போட்ட மாதிரி இருந்தாலோ, தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

ஓடும்நதி

வீடியோக்களைப் பற்றி ஒரு தகவல். 2025ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்களுக்கு 13 வயது என்று சொல்லி டிக்டாக்கில் கணக்குத் தொடங்கி, அங்கே 7 முதல் 18 வயதுள்ளவர்கள் போட்ட 100 ஸ்கின்கேர் வீடியோக்களைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. ஒரு வீடியோவுக்குச் சராசரியாக 6 பொருள்கள் முகத்தில் ஏறுகின்றன. பகல்நேர வீடியோக்களில் சன்ஸ்கிரீன் இருந்தது வெறும் 26 சதவீதத்தில். முகத்துக்கு உண்மையிலேயே வேண்டியதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் போடுகிறார்கள்.

சுவீடனில் ஒரு மருந்துக்கடைத் தொடர், 15 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வீரியமான ஸ்கின்கேர் பொருள்களை விற்பதில்லை என்று 2024ல் முடிவெடுத்தது. ஒரு கடையே அப்படி நினைக்கும்போது நாம் வீட்டில் ஒரு வரம்பு வைப்பதில் தவறில்லை.

மகளிடம் பேசினேன். மன்னிப்பும் கேட்டேன். "எனக்கே அந்த வாடை பிடிக்கலப்பா, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல" என்றாள். இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

மழைச்சாரல்

அண்ணா, படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு.

இங்க அஞ்சாம் நாள். சிவப்பு பாதிக்கு மேல போயிடுச்சு, உரியறதும் நின்னுடுச்சு. எரிச்சல் இல்ல. நேத்து அவளோட உக்காந்து பேசினேன். பிடுங்கல, திட்டல. செட்டு பூராவையும் மேசைல பரப்பி, ரெண்டு பேரும் பூதக்கண்ணாடி வச்சு ஒவ்வொண்ணா படிச்சோம். "இதுல உனக்கு எது பிடிச்சிருக்கு?"ன்னு கேட்டேன். சுருக்கம் பத்தியோ பரு பத்தியோ அவ பேசவே இல்ல. பாட்டிலை வரிசையா வைக்கறது பிடிக்குமாம். ராத்திரி அந்தப் பத்து நிமிஷம் தம்பி வராம அவளுக்குன்னு இருக்கறது பிடிக்குமாம். மறுநாள் பள்ளிக்கூடத்துல பேசறதுக்கு ஒரு விஷயம் வேணுமாம்.

அதுக்கு அமிலம் எதுக்கு? அந்தப் பத்து நிமிஷத்தை அவளுக்கே விட்டுட்டேன். கதவுல "உள்ளே வரக்கூடாது"ன்னு அட்டை எழுதி மாட்டியாச்சு. ஒரு தட்டுல ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், லிப் பாம், தலை வாரற சீப்பு. அவளே அடுக்கி வச்சா.

வாங்கும்போது எதைப் பாத்து வாங்கணும்? லேபிள்ல "ஹைப்போஅலர்ஜெனிக்", "டாக்டர்கள் பரிசோதித்தது"ன்னு எல்லாத்துலயும் போட்டிருக்கே.

அந்திமாலை

நீங்கள் செய்ததைப் படித்து அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அட்டை மாட்டியது அருமை.

முன்பக்க வாசகங்களை நம்ப வேண்டாம். ஹைப்போஅலர்ஜெனிக் என்ற சொல்லுக்கு அமெரிக்காவிலேயே சட்டப்படி வரையறை கிடையாது. பின்பக்கம் திருப்புங்கள். "வாசனை சேர்க்காதது" என்று இருக்க வேண்டும். "வாசனையற்றது" என்று மட்டும் இருந்தால் ஏமாற வாய்ப்புண்டு, மூல வாடையை அமுக்க வேறொரு வாசனைப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். கிளிசரின், செராமைடு, பெட்ரோலாட்டம் (பெட்ரோலியம் ஜெல்லிதான்) போன்ற பெயர்கள் இருந்தால் நல்லது. ரெட்டினால், ரெட்டினைல் பால்மிட்டேட், கிளைகாலிக், லாக்டிக், சாலிசிலிக், அஸ்கார்பிக் அமிலம் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். மெத்தில்ஐசோதயசோலினோன் என்று நீளமான ஒரு பெயர் வரும், அது ஒவ்வாமைக்குப் பேர்போன பதப்படுத்தி. ஐரோப்பிய ஒன்றியம் கழுவாமல் தோலிலேயே விடுகிற பொருள்களில் 2017ல் அதற்குத் தடை போட்டது. ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும். பிள்ளை முகத்தில் பத்துப் பொருள் ஏறக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு எரிச்சலைவிட இதுதான் பெரிய காரணம்.

டப்பாவில் மூடி திறந்த ஜாடிப் படம் இருக்கும், அதற்குள் 6 எம், 12 எம் என்று எழுதியிருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான். திறந்த தேதியைப் பேனாவால் அடியில் எழுத மகளிடம் சொல்லுங்கள், அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும்.

எதை வாங்கினாலும் நேராக முகத்துக்குப் போகாதீர்கள். முழங்கை உள்பக்கம் ஒரே இடத்தில், காலையும் மாலையும், 7 முதல் 10 நாள் தடவிப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்றால் முகத்துக்கு. ஃபேஸ்வாஷை மட்டும் வழக்கமாக எவ்வளவு நேரம் வைப்போமோ அவ்வளவு வைத்துக் கழுவிவிடுங்கள்.

சிறுதுளி

சன்ஸ்கிரீன்ல எஸ்பிஎஃப் எவ்வளவு? என் பையன் வெள்ளை பூசின மாதிரி இருக்குன்னு போடவே மாட்டேங்கறான். கறுப்பா இருக்கறவங்களுக்குத் தேவையில்லன்னும் சொல்றாங்களே?

அந்திமாலை

கருத்த தோலுக்கு இயற்கையாகவே கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. பருத் தழும்பு கருப்பாக மாதக்கணக்கில் நிற்பதும் கருத்த தோலில்தான் அதிகம், வெயில் அதை இன்னும் கருக்கும். எஸ்பிஎஃப் என்பது வெயிலைத் தடுக்கும் அளவைக் காட்டும் எண். 30 போதும், அது தோலைச் சுடும் யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. பிராட் ஸ்பெக்ட்ரம் என்று எழுதியிருக்க வேண்டும், யுவிஏ, யுவிபி இரண்டு கதிரையும் தடுக்கும் என்று அர்த்தம். எண்ணைவிட முக்கியம் அளவும் திரும்பப் போடுவதும்: வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன், காது மடல், பின்கழுத்து சேர்த்துத் தாராளமாக, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு வகை எரிச்சல் தராது, ஆனால் வெள்ளைப் பூச்சு தெரியும். அது பிடிக்காதவனுக்குத் தோல் நிறம் கலந்தது கிடைக்கும், ஜெல் வகையும் இருக்கிறது. அவன் போட ஒத்துக்கொள்கிற சன்ஸ்கிரீன்தான் அவனுக்கு நல்ல சன்ஸ்கிரீன்.

மழைச்சாரல்

மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லாம இருக்க மனசு வரல. கன்னம் பழையபடி ஆயிடுச்சு. முழங்கைல பத்து நாள் பாத்துட்டு, போன வாரம்தான் மாய்ஸ்சரைசர் முகத்துக்குப் போட ஆரம்பிச்சா. டப்பா அடியில தேதி எழுதி, பக்கத்துல ஒரு பூவும் வரைஞ்சிருக்கா.

அந்த செட் குடுத்த தோழி நேத்து வீட்டுக்கு வந்திருந்தா. அவ கன்னமும் லேசா சிவந்துதான் இருந்துது. என் பொண்ணு அவளைக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. வெளிய நின்ன எனக்குக் கேட்டுது: "எரிஞ்சா நிறுத்திடணும். அது செங்கல் சுவர் மாதிரி, தெரியுமா?"

அவ அம்மாகிட்ட நான் எப்படி ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன். தப்பா எடுத்துக்காம இருக்கணும்.

கற்பூரவல்லி

உங்க பொண்ணுக்கு நடந்ததைச் சொல்லுங்க. அவங்க பொண்ணைப் பத்திப் பேசாதீங்க. "நானும் திருப்பிப் பாக்காம விட்டுட்டேன்"னு சொல்லுங்க, போதும். இன்னிக்கே ஃபோன் போடுங்க.

மழைச்சாரல்

போட்டுட்டேன். அவங்க ஃபோன்ல பேசிக்கிட்டே பாட்டிலைத் திருப்பிப் பாத்தாங்க. இந்த இழையோட இணைப்பைக் கேட்டாங்க, அனுப்பியிருக்கேன்.